தூங்கிப்போன சாட்சி

ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர் அங்கே சாப்பிட்டவர். செல்போனுக்குக் கொடுப்பவர் அதை நாள் முழுக்கக் கையில் வைத்துத் தேய்த்தவர். தூக்க மாத்திரைக்கும் தூக்க மிட்டாய்க்கும் ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர் மட்டும், அந்தப் பொருள் வேலை செய்ததாகச் சொல்லப்படும் நேரத்தில் நினைவில்லாமல் கிடந்தவர். நடந்ததைச் சொல்ல வேண்டிய ஒரே சாட்சி தூங்கிவிட்டது.

ஆன்லைன் கடைகளில் தூக்கத்துக்கென்று தேடினால் வந்து குவிகிற சரக்கு கொஞ்சநஞ்சமல்ல. மெலடோனின் கம்மீஸ் எனும் மிட்டாய், அஸ்வகந்தா மாத்திரை, மெக்னீசியம் பவுடர், சீமைச்சாமந்தி டீ, வாயில் ஒட்டிக்கொள்ளும் டேப், நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, எட்டுக் கிலோ எடையுள்ள போர்வை, விரலில் மாட்டிக்கொண்டு படுத்தால் விடிந்ததும் மதிப்பெண் போடும் மோதிரம். ஒவ்வொன்றின் கீழும் ‘பத்தே நிமிஷத்தில் கண் அசந்துவிட்டது’, ‘அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்’ என்று வாடிக்கையாளர்களின் நற்சான்றுகள் வரிசைகட்டி நிற்கும். இவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

தூக்கமின்மையால் அவதிப்படுகிறவரை ஆய்வகத்தில் படுக்கவைத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்வார்கள். விடிந்ததும் ‘கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை’ என்பார் அவர். அவர் மணிக்கணக்கில் தூங்கியிருப்பதைக் கருவியின் பதிவு காட்டும். இது அபூர்வமான சங்கதி அல்ல. தூக்க மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான். தூக்கம் வர எவ்வளவு நேரமானது என்பதைக் கூட்டியும், எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பதைக் குறைத்தும் சொல்வது இந்த நோயாளிகளிடம் வழக்கம்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. தூக்கமின்மை உள்ள 63 பேருக்குக் கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டிவிட்டார்கள். பிறகு கருவி பதிவு செய்ததைப் பற்றிக் கவலைப்படாமல், பாதிப் பேரிடம் ‘நேற்று நன்றாகத் தூங்கினீர்கள்’ என்றும் மீதிப் பேரிடம் ‘நேற்று தூக்கம் மோசம்’ என்றும் தகவல் கொடுத்தார்கள். மோசம் என்று கேட்டவர்கள் அன்று முழுக்கச் சோர்ந்து கிடந்தார்கள். நல்லது கேட்டவர்கள் தெம்பாக இருந்தார்கள். தூங்கிய தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்படிப்பட்ட ஒரு விஷயத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையே நன்றாக வேலை செய்யும் என்பதில் வியப்பில்லை. டாக்டர் சீட்டுக்குத் தரும் சோல்பிடெம் வகைத் தூக்க மாத்திரைகளைப் பற்றி, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் ஒப்படைத்த ஆய்வுகளை எடுத்து அலசினார்கள். முடிவு 2012-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழான பி.எம்.ஜே.யில் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு 22 நிமிடம் முன்னதாகத் தூக்கம் வந்தது. ஆனால் கிடைத்த மொத்தப் பலனில் ஏறக்குறைய பாதி, மாத்திரை சாப்பிட்டோம் என்ற நம்பிக்கையால் வந்தது. உண்மையான, வலுவான மருந்துக்கே இந்தக் கதி. மிட்டாய்க்கு?

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நன்றாகத் தூங்குகிற வாரத்தில் யாரும் தூக்க மருந்து தேடுவதில்லை. பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டுக் கடன் தவணை, ஆஸ்பத்திரியில் அப்பா என்று எல்லாம் ஒன்றாகக் கூடிவந்த வாரத்தின் மோசமான இரவில்தான் ஆர்டர் போகிறது. பார்சல் வீடு வந்து சேருவதற்குள் பாதிப் பிரச்னை ஓய்ந்திருக்கும். தூக்கமும் தானாகத் திரும்பத் தொடங்கியிருக்கும். பெயர் கம்மீஸுக்கு.

ஆகவே, நேர்மையான நற்சான்று ஆயிரம் சேர்ந்தாலும் அது அத்தாட்சி ஆகாது. நேர்மையில்லாதவை வேறு இருக்கின்றன. 2019-ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், அமேசானில் காசு கொடுத்து விமர்சனம் எழுதவைத்ததாக முதன்முறையாக ஒரு விற்பனையாளர் மீது நடவடிக்கை எடுத்தது. அவர் விற்றது உடல் எடையைக் குறைக்கும் மாத்திரை. 2023-ல் பிடிபட்ட வழி இன்னும் நுணுக்கமானது. வைட்டமின் வியாபாரத்தில் பெரிய பெயரான ‘நேச்சர்ஸ் பவுண்ட்டி’யின் தயாரிப்பாளர்கள், புதிதாக இறக்கிய வேறு சரக்குகளை நன்றாக விற்கும் பழைய பொருளின் ‘இன்னொரு வகை’ என்று ஒரே பக்கத்தில் கோத்துவிட்டார்கள். சட்டைக்கு நீலம், சிவப்பு என்று காட்டுவதற்காக அமேசான் வைத்திருக்கும் வசதி அது. பழைய பொருள் சம்பாதித்த நட்சத்திரங்கள் அத்தனையும் புதிய பொருளின் கணக்கில் ஏறின. ஆணையம் 6 லட்சம் டாலர் கட்டவைத்தது. இந்தியாவிலும் 2022 நவம்பரில் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தர விதி வந்தது. விரும்பியவர்கள் கடைப்பிடிக்கலாம் என்ற வகையில்.

சரி, நட்சத்திரங்களை ஓரம்கட்டிவிட்டுச் சரக்கையே பார்ப்போம். கூட்டத்தில் முன்னால் நிற்பது மெலடோனின்.

1958-ல் அதைப் பிரித்தெடுத்த ஆரன் லெர்னர் தூக்க நிபுணர் அல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர். தோலின் நிறத்தை மாற்றும் பொருளைத் தேடி, மாடுகளின் பீனியல் சுரப்பிகளைக் குவித்துவைத்து அரைத்துக்கொண்டிருந்தவரிடம் சிக்கியது இந்த ஹார்மோன். மூளையின் நடுவில் இருக்கும் அந்தச் சிறு சுரப்பி, வெளிச்சம் மங்கியதும் மெலடோனினைச் சுரக்கிறது. கண்ணில் வெளிச்சம் பட்டால் அடக்கிக்கொள்கிறது. இரவெல்லாம் விழித்திருந்து இரை தேடும் எலிக்கும் இரவில்தான் அது சுரக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘இருட்டிவிட்டது’ என்று உடம்புக்குச் சேதி சொல்வதுதான் அதன் வேலை. ஆளை அடித்துப்போடுவது அல்ல.

இருட்டிவிட்டது என்று சொல்ல எவ்வளவு சத்தம் வேண்டும்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 50 வயதைத் தாண்டிய 30 பேரிடம் 0.1, 0.3, 3 மில்லிகிராம் என மூன்று அளவுகளைக் கொடுத்துப் பார்த்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். தூக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு நன்றாக உதவியது 0.3 மில்லிகிராம். 3 மில்லிகிராம் கொடுத்தபோது உடல் வெப்பம் இறங்கியது. விடிந்த பிறகும் ரத்தத்தில் மெலடோனின் வடியாமல் நின்றது. இன்று இணையத்தில் 5, 10 மில்லிகிராம் டப்பாக்கள் சர்வசாதாரணம். பத்து என்பது 0.3-ஐப் போல முப்பது மடங்குக்கும் மேல். கூடக் கொடுத்தால் கூடத் தூக்கம் வரும் என்பது வாங்குபவரின் கணக்கு. விற்பவருக்கு அதை மறுத்துப் பேச ஒரு காரணமும் இல்லை.

பலன்தான் எவ்வளவு? 19 ஆய்வுகளில் பங்கேற்ற 1,683 பேரின் விவரங்களைத் தொகுத்து 2013-ல் கணக்குப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் மெலடோனின் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 7 நிமிடம் முன்னதாகத் தூக்கம் வந்தது. மொத்தத் தூக்கம் 8 நிமிடம் கூடியது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் 2017-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் வழிகாட்டி, கறாராக இல்லாவிட்டாலும், டாக்டர்களுக்குச் சொன்னது.

அதற்காக மெலடோனினை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் நியாயமில்லை. உடம்பின் கடிகாரம் இடம் மாறிப்போனால் அது உதவும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடந்து பறந்தவர்களிடம் நடத்திய 10 ஆய்வுகளில் 9-ல், போய்ச் சேர்ந்த ஊரின் படுக்கை நேரத்தை ஒட்டிச் சாப்பிட்ட மெலடோனின் ஜெட்லாக்கைக் குறைத்தது. நியூயார்க்கிலிருந்து சென்னைக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு வரும் குடும்பத்துக்கு இது பயன்படும் தகவல் (பேரனுக்கு அல்ல, பெரியவர்களுக்கு). சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கப் பார்ப்பவர்களைப் போன்ற 263 பேரிடம் வெவ்வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பகல் தூக்கம் சராசரியாக 24 நிமிடம் கூடியதாகத் தெரிகிறது. அந்த ஆய்வுகளின் தரம் மட்டும் சுமார்தான். பிரிட்டனில் இதே மெலடோனினை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. அமெரிக்காவில் 1994-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இது உணவுத் துணைப்பொருள். சந்தைக்கு வரும் முன் வேலை செய்கிறது என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை.

டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2023-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 25 வகை மெலடோனின் கம்மீஸை வாங்கிப் பிரித்துச் சோதித்தார்கள். 22-ல் அளவு தப்பு. லேபிளில் இருந்ததில் 74 சதவீதம் மட்டும் இருந்ததும் உண்டு, 347 சதவீதம் இருந்ததும் உண்டு. ஒன்றில் மெலடோனினே இல்லை. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம் 31 பொருட்களைச் சோதித்தபோது, ஒரே பிராண்டின் ஒரு பேட்சுக்கும் இன்னொரு பேட்சுக்கும் இடையிலேயே 465 சதவீதம்வரை வித்தியாசம் வந்தது. எட்டுப் பொருட்களில் லேபிளில் சொல்லாத செரடோனின் கலந்திருந்தது. செரடோனினைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர் இந்தச் செய்தியைப் படித்தால் பதறுவார்; பதற வேண்டும்.

மிட்டாய் வடிவத்தில் விற்பதன் விலையைக் குழந்தைகள் கொடுக்கிறார்கள். குழந்தைகள் மெலடோனினை எடுத்து விழுங்கிவிட்டதாக அமெரிக்க நச்சு முறிவு மையங்களுக்கு 2012-ல் வந்த அழைப்புகள் 8,337. 2021-ல் அது 52,563. அந்தப் பத்தாண்டில் ஐந்து குழந்தைகளுக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது; இருவர் இறந்தார்கள்.

இந்தியாவில் விற்கும் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கும். உணவுப் பொருளாகத் தயாரித்து விற்க அனுமதி உண்டு என்பதற்குத்தான் அது அடையாளம். தூக்கம் வரவழைக்கும் என்பதற்கு அல்ல. பக்கத்திலேயே ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியும் இருக்க வேண்டும். முன்பக்கத்தில் நிலவும் நட்சத்திரமும் ஆழ்ந்த உறக்கமும், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கைகழுவல்.

மற்ற சரக்குகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நம் ஊர் அமுக்கராக் கிழங்குதான் அஸ்வகந்தா. ஐந்து ஆய்வுகள், 400 பேர் என்ற 2021-ம் ஆண்டுத் தொகுப்பில் அதற்குச் சிறிய பலன் தெரிந்தது. தினமும் 600 மில்லிகிராமுக்குக் குறையாமல், எட்டு வாரத்துக்குக் குறையாமல் சாப்பிட்டவர்களிடம் அது கூடுதலாகத் தென்பட்டது. அப்படியென்றால் ‘முதல் ராத்திரியே வித்தியாசம் தெரிந்தது’ என்று எழுதியவருக்குத் தெரிந்தது எது? மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள், கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருப்பதையும் 2023-ல் டென்மார்க் அதைத் தடை செய்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தொடவே வேண்டாம். மெக்னீசியத்துக்கு 17 நிமிட லாபம் என்பார்கள். அந்தக் கணக்கு மூன்றே ஆய்வுகளில் பங்கேற்ற 151 முதியவர்களிடமிருந்து வந்தது. தொகுத்தவர்களே தரம் குறைந்த ஆதாரம் என்று எழுதிவைத்தார்கள். வலேரியன் வேருக்கு 16 ஆய்வுகள் இருந்தும் தெளிவான விடை இல்லை. பலன் இல்லை என்று முடிந்த ஆய்வுகள் அச்சேறாமலே போயிருக்கலாம் என்ற சந்தேகம் வேறு.

வேலை செய்யாத பொருளால் போவது பணம். ‘மூலிகை’ என்று வாங்கிய பொருள் ரொம்ப நன்றாக வேலை செய்தால்தான் பயப்பட வேண்டும். 2007-ல் இயற்கைப் பொருள் என்று விற்ற சில தூக்க மாத்திரைகளில் எஸ்டாசோலாம் என்ற வீரியமான மருந்து கலந்திருப்பதைக் கனடா சுகாதாரத் துறை கண்டுபிடித்து எச்சரித்தது. இந்த வித்தை பழையது. 1849-ல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த ‘மிசஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’, அழுகிற குழந்தையைச் சொன்னபடியே தூங்கவைத்தது. உள்ளே இருந்தது மார்ஃபின். அதை லேபிளில் எழுதியாக வேண்டும் என்று சட்டம் வர 1906 ஆயிற்று. அதற்குள் எழுந்திருக்காமலே போன குழந்தைகள் பலர்.

சோல்பிடெம், அல்பிரசோலம், டயாஸிபாம், நைட்ரஸிபாம் எல்லாம் இந்தியாவில் 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்து, டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். சீட்டே கேட்காமல் கூரியரில் அனுப்புகிறேன் என்று ஓர் இணையதளம் சொன்னால், அது மருந்தாக இருந்தால் சட்டவிரோதம், இல்லாவிட்டால் மோசடி. அல்பிரசோலம் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்கிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதை அந்தத் தளம் சொல்லப்போவதில்லை.

மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்குச் சாதனங்கள். 2020-ல் ஸ்வீடனில் 120 பேரிடம் எடைப் போர்வையைச் சோதித்தபோது கிடைத்த முடிவு அசத்தலாகவே இருந்தது. ஒரு பாதிக்கு எட்டுக் கிலோ சங்கிலிப் போர்வை (கனம் தாங்காதவர்களுக்கு ஆறு), மறு பாதிக்கு ஒன்றரைக் கிலோ. ஆனால் தன் மேல் கிடப்பது எட்டா, ஒன்றரையா என்று யாருக்குத்தான் தெரியாது? இந்த மாதிரிப் பொருளில் வெற்று மாத்திரைச் சோதனையை ஒழுங்காகச் செய்யவே முடியாது. தவிர, பங்கேற்ற அனைவருமே மனநலச் சிகிச்சையில் இருந்தவர்கள். பொதுவாக எல்லோருக்கும் இது பொருந்துமா என்பதற்கு அதில் பதில் இல்லை. நீல ஒளி தடுக்கும் கண்ணாடிகளைப் பற்றிய 17 ஆய்வுகளை 2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு அலசியபோதும் தூக்கத்துக்கு உதவுமா என்பதில் உறுதியான பதில் கிடைக்கவில்லை. வாயில் டேப் ஒட்டுவதை இரண்டே வரியில் முடித்துவிடலாம்: ஆய்வுகள் சொற்பம். மூக்கடைப்பு உள்ளவர் வாயையும் அடைத்துக்கொண்டு படுப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

தூக்கத்தை அளக்கும் கடிகாரமும் மோதிரமும் தனிக் கதை. தூங்கினாரா, விழித்திருந்தாரா என்பதை ஓரளவு நன்றாகவே பிடிக்கின்றன. ஆழ்ந்த தூக்கம் எத்தனை நிமிடம், கனவுத் தூக்கம் எத்தனை நிமிடம் என்று போடும் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. 2017-ல் சிகாகோ ஆய்வாளர்கள் வினோதமான நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஆய்வகச் சோதனையில் நன்றாகத் தூங்கியிருக்கிறீர்கள் என்று டாக்டர் சொன்னாலும், கையில் கட்டிய கருவி வேறு மாதிரி சொல்கிறதே என்று வாதாடியவர்கள் அவர்கள். மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற கவலையிலேயே தூக்கம் கெட்டது.

பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. தூக்கத்தில் மூச்சு தடைப்படும் மூச்சடைப்பு நோயோடு இருப்பவர் அதைத் தூக்கமின்மை என்று நினைத்து மாதக்கணக்கில் கம்மீஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பது. பக்கத்து அறைவரை கேட்கும் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, காலையில் தலைவலி, பகலில் சிக்னலில் நிற்கும்போதே கண் செருகுவது, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம். இவற்றில் சில இருந்தாலே போக வேண்டிய இடம் டாக்டரின் அறை. இதற்குச் சோதனை இருக்கிறது. மூக்கில் காற்றழுத்தம் தரும் சிபேப் கருவியும் 1981-லிருந்து இருக்கிறது. இந்த நோயாளி மயக்கம் தரும் மாத்திரை எதையாவது சாப்பிட்டால் மூச்சடைப்பு இன்னும் மோசமாகக்கூடும். படுத்தால் கால் குடைந்து, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறவருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். இவர்களுக்கெல்லாம் டப்பாவில் எந்த மிட்டாய் இருந்தால் என்ன?

வாங்கியே தீருவது என்று இருப்பவர் விளம்பரத்தில் ‘கிளினிக்கலி புரூவன்’ என்று பார்த்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை நிமிடம் என்பது. அடுத்தது, எதோடு ஒப்பிட்டு. சாப்பிடுவதற்கு முன்பு, பின்பு என்று மட்டும் ஒப்பிட்டிருந்தால் அந்த ஆய்வைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். ஆய்வில் கொடுத்த அளவும் டப்பாவில் உள்ள அளவும் ஒன்றா, செலவைத் தயாரிப்பாளர் ஏற்றாரா என்பவை அதற்குப் பிறகு. ஆர்டர் போடுவதற்கு முன் இரண்டு வாரம், எத்தனை மணிக்குப் படுத்தோம், உத்தேசமாக எப்போது தூங்கினோம், எப்போது எழுந்தோம் என்று காலையில் ஒரு நோட்டில் குறித்துவைத்தால், பின்னால் ஒப்பிட ஏதாவது இருக்கும். ராத்திரி மணி பார்த்துக் குறிக்கக் கூடாது. அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். பிறகு ஒரு வாரம் சாப்பிட்டும் ஒரு வாரம் விட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஐந்து, பத்து நிமிட வித்தியாசத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவதா என்பது அவரவர் விருப்பம்.

அந்த நோட்டிலிருந்துதான் வேலை செய்யும் சிகிச்சையும் தொடங்குகிறது. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (ஆங்கில எழுத்துகளில் சி.பி.டி.-ஐ) நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. 20 ஆய்வுகள், 1,162 பேர் என்ற கணக்கில், தூக்கம் வரும் நேரம் 19 நிமிடம் குறைந்தது. நள்ளிரவில் விழித்துக் கிடப்பது 26 நிமிடம் குறைந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு நிறுத்தியதும் பலன் போய்விடும்; இதில் பழகியது கையில் நிற்கிறது.

இதை ஏன் யாரும் கூவி விற்பதில்லை என்று கேட்கலாம். விற்க முயன்றவர்கள் இருக்கிறார்கள். இதே சிகிச்சையை செல்போன் செயலியாக்கி 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியையும் வாங்கிய பியர் தெரபியூட்டிக்ஸ் நிறுவனம், 2023 ஏப்ரலில் திவால் மனு போட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் போதிய அளவு பணம் தர முன்வரவில்லை. பிரிட்டனில் 2022-ல் ‘ஸ்லீப்பியோ’ என்ற செயலியைத் தூக்க மாத்திரைக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்று அரசு வழிகாட்டு அமைப்பே சொல்லியிருக்கிறது.

இந்தச் சிகிச்சைச் செய்முறையின் மையப் பகுதி கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். பத்து மணிக்கே படுத்து ஏழுவரை புரண்டு, அதில் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்று நோட்டு சொன்னால், படுக்கையில் இருக்க அவருக்கு அனுமதி ஐந்தரை மணி நேரம்தான். காலை ஆறு மணிக்கு எழ வேண்டுமென்றால் பன்னிரண்டரைக்கு முன் படுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் அதே ஆறு மணி. படுத்துக் கொஞ்ச நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும். கண் சொக்கும்போது திரும்பலாம். படுத்த நேரத்தில் பெரும்பகுதி தூக்கமாக மாறிய பிறகு வாரம் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கம் தள்ளும் என்பதால் பஸ், லாரி ஓட்டுகிறவர்களும், வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.